ஒரு வாத்து, இரண்டு தட்டு

கார்ஸ்
6 ஜனவரி 1989, வெள்ளி

கார்டு ஐயா அவர்களுக்கு,

நலம் விசாரித்து எழுதும் கடிதம் அல்ல இது. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அங்காராவில் மகன் வீடு, மருமகள் சமையல், வெந்நீர்க் குழாய் ஓடும் கதகதப்பான அறை. உங்களுக்கென்ன குறை?

நான் கேட்க வந்தது ஒன்றுதான். விருந்துக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்த மனிதர், ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, "வண்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. அதை நான் எழுதவில்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வண்டியே கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

பேச்சை ஆரம்பித்தது யார்? நானா? என் சீஸ் வட்டுகளை ஒரு விரிசல் விழாமல் இத்தனை வருடமும் ரயில் கார்டாக இருந்து கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்கிற மரியாதைக்குத்தான் கடையின் பின்னறையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டேன். ஓய்வு பெற்ற அன்று அதில் உட்கார்ந்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தேநீரைப் பார்த்தபடி என்ன சொன்னீர்கள்? "முதலாளியம்மா, மகன் கூப்பிடுறான். நீங்க இருன்னு சொன்னா நான் இங்கேயே இருந்துடறேன். ஆனா வாயால சொல்ல வேணாம். உங்க வாய் வியாபாரம் பண்ற வாய், பழக்கத்துல பேரம் பேசிடும். வாத்து விருந்துக்குக் கூப்பிடுங்க. நம்ம சமையல்காரி படத்துல வர்ற மாதிரி, பதிலைத் தட்டுல வைங்க."

விதவை வீட்டில் ஓர் ஆண் சாப்பிட வருவதென்றால் சும்மாவா? பக்கத்து வீட்டு பெரிஹானைத் துணைக்கு உட்கார வைத்தேன். முதல் பனி விழுந்ததும் உப்பிட்டுத் தொங்கவிட்ட பெருவாத்துகளில் நல்லதாக ஒன்றை எடுத்து ஊறவைத்து, அவித்து, தந்தூரில் இறக்கி, கொழுப்புச் சொட்டச் சொட்ட அடியில் உடைத்த கோதுமை வேகவைத்தேன். படத்தில் இருந்தபடியே கழுத்தை உங்கள் தட்டில் வைத்தேன். அதைவிட வெளிப்படையாக ஒரு பெண் என்ன சொல்ல முடியும்?

நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள். பெரிஹானைப் பார்த்தீர்கள். எழுந்து போனீர்கள். மறுநாள் ஊரைவிட்டே போய்விட்டீர்கள்.

மனம் மாறிவிட்டது என்றால் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் பால் கேன் சுமந்து தொழில் ஆரம்பித்தவள். "சரக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. முன்பணம் பேசிவிட்டு ஆளைக் காணோம் என்று போகிறவர்கள்மேல்தான்.

நாஸிலே

பி.கு. வீடியோ கடையில் அந்தப் படத்தின் கேசட்டை எடுத்து வைத்திருக்கிறேன். மறுபடி பார்த்து, நான் வைத்தது சரிதான் என்று உங்களுக்கு எழுதப் போகிறேன். வானம் ஈயத் தட்டு மாதிரி இருக்கிறது. பெரிய புயல் ஒன்று வரும் என்கிறார்கள்.


அங்காரா
13 ஜனவரி 1989

மதிப்பிற்குரிய நாஸிலே ஹானிம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மருமகள் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தாள். "மாமா, கார்ஸ்லேருந்து யாரு எழுதறாங்க, சீஸ் வாசம் அடிக்குது" என்றாள். பழைய கணக்கு என்று சொல்லிவைத்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சிவந்துவிட்டது.

தாங்கள் இவ்வளவு கோபத்தோடு எழுதியதால் நானும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வாத்தின் கழுத்தை அடுப்படிப் பூனைக்குப் போடுவார்கள். என் வாழ்நாளில் எந்த விருந்திலும் எனக்குக் கழுத்து வைக்கப்பட்டதில்லை. தொடைக் கால் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். படத்தில் அப்படித்தானே? மலைக் கணவாய்ச் சத்திரத்தில் அந்தச் சமையல்காரி ஹாஜர், பனியில் மாட்டிக்கொண்ட லாரி டிரைவருக்கு நாளெல்லாம் சமைத்துப் போடுகிறாள். வழி திறக்கிற அன்று, போகலாமா இருக்கலாமா என்று அவன் நிற்கும்போது, வாத்தை அறுத்து முழுக்காலை அவன் தட்டில் வைக்கிறாள். தியேட்டரே கைதட்டியது. நான் பார்த்தேன்.

தாங்கள் காலைத் தொடவே இல்லை. அது தாம்பாளத்தின் ஓரத்தில் அப்படியே இருந்தது. கழுத்து வந்தது. கூடவே பெரிஹான் ஹானிம் கைக்குட்டையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு மனிதன் எப்படி உட்கார்ந்திருப்பான்? கார்டு வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே படிப்பு இதுதான்: கொடி இறங்கிவிட்டால் வண்டி கிளம்பிவிட வேண்டும்.

இங்கே எல்லாம் சௌகரியம். எனக்கு ஒரு பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து அறையாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். படுத்தால் கால் நீட்ட முடியும். ரயில் சத்தம் கேட்காத வீட்டில் தூக்கம் வருவதில்லை. காலையில் எழுந்து சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு, பிறகு கழற்றிவிடுகிறேன். பகலில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறேன். யாரிடமும் டிக்கெட் கேட்க வேண்டியதில்லை.

மகனுக்கு இஸ்கந்தரூனுக்கு மாற்றலாகியிருக்கிறது. பள்ளி விடுமுறை முடிவதற்குள், பிப்ரவரி முதல் வாரத்தில், வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லோரும் கடற்கரைக்குப் போகிறோம். அங்கே பனியே விழாதாம். எலும்புக்கு நல்லது என்கிறான். அங்கே போய்விட்டால் நான் திரும்ப வருவது நடவாத காரியம். பழைய தோழமையின் பொருட்டுத் தெரிவித்தேன். வேறொன்றுமில்லை.

தங்கள் மரியாதையுள்ள,
நூரெத்தின்


கார்ஸ்
19 ஜனவரி, வியாழன்

கார்டு ஐயா,

பூனைக்குப் போடுவீர்களா? நல்ல ஊர். நல்ல பூனை.

கேளுங்கள். எங்கள் அப்பா வண்டி ஓட்டியவர். எங்கள் வீட்டில் யார் வழிப்பயணம் கிளம்புகிறாரோ அவருக்குத்தான் கால். ரொட்டியில் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவோம், போகிற வழியில் தின்ன. வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கழுத்து. ஏனென்றால் கழுத்தை அவசரமாகத் தின்ன முடியாது. எலும்பு எலும்பாகப் பிரிக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும், பேசிக்கொண்டே தின்ன வேண்டும். தேநீர் கொதிக்கும் சாமோவார் இரண்டு முறை கொதித்து அடங்கிவிடும். அவசரமில்லாதவனுக்குத்தான் கழுத்து வைப்பார்கள். நான் உங்களுக்குக் காலைத் தூக்கி வைத்திருந்தால் "போய் வா" என்று அர்த்தம். புரிகிறதா?

படத்திலும் அவள் கழுத்தைத்தான் வைக்கிறாள். இந்த ஊர் முழுக்கக் கேட்டுப் பாருங்கள்.

பெரிஹான் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. என்னைப் பார்த்து. இத்தனை வயதில் இவள் புதுப்பெண் மாதிரி பரிமாறுகிறாளே என்று சிரித்தாள். விட்டுத்தள்ளுங்கள்.

புயல் நேற்றுப் பகலிலேயே வந்துவிட்டது. கடை ஷட்டர் பாதிவரை பனி. எதிர்வரிசை தெரியவில்லை. ரயில் சரிகமிஷுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டதாம். அதனால் இந்தக் கடிதம் எப்போது கிளம்புமோ தெரியாது. எழுதி எழுதி வைக்கிறேன், வழி திறந்ததும் மொத்தமாகப் போகட்டும்.

கேசட்டைப் போட்டேன். ஹாஜர் ரொட்டிக்கு மாவு பிசையும் இடம் வந்தவுடன் கரண்ட் போய்விட்டது.

வெள்ளி

கரண்ட் வந்தது, போனது. அதற்குள் சத்திரத்தைப் பனி மூடி, டிரைவர் வந்து கதவைத் தட்டி, உட்கார்ந்து சாப்பிடும் வரைக்கும் பார்த்தேன். இளவயதில் பார்த்தபோது அழுதுகொண்டே பார்த்ததால் ஒன்றும் கவனிக்கவில்லை. இப்போது பார்த்தால் தப்பு தப்பாகச் சமைக்கிறாள்! வாத்தை ஊறவைக்கவே இல்லை. அந்த உப்போடு தின்றால் டிரைவருக்குக் காலைக்குள் நாக்கு வெடித்திருக்கும். அவள் அறுக்கிற சீஸ் வட்டு பிளாஸ்டரில் செய்தது. கத்தி இறங்குகிற சத்தமே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் சரியாகச் செய்கிறாள். அவன் சாப்பிடும்போது அவள் சாப்பிடுவதில்லை, அடுப்பைத் தூண்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு அவனைப் பார்க்கிறாள். அதை நடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் யாரோ, அடுப்படியில் உட்கார்ந்து வளர்ந்தவன்.

சனி

கரண்ட் இல்லை. வறட்டி போட்டு அடுப்பை மூட்டி, நிலவறைக்கு இறங்கி வட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டேன். புயலோ கல்யாணமோ, சீஸைப் புரட்டாமல் விட்டால் ஒரு பக்கம் ஈரம் இறங்கிவிடும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறேன், டொக் டொக் என்று. அந்தச் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. ஒரு வட்டிடம் "நீ நல்லா வந்திருக்கேடா" என்று சொன்னதைக் காதால் கேட்டபோதுதான் நாலு நாளாக நான் நேரில் ஒரு மனிதக் குரல் கேட்கவில்லை என்று உறைத்தது.

பெரிஹான் மதியம் கூரைப் பனியைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். சாமோவார் பக்கத்தில் பார்த்துவிட்டு, "என்னடி இது, ஆளில்லாத வீட்டுல ரெண்டு டம்ளர்?" என்றாள்.

"ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு" என்றேன்.

"உடைஞ்சது டம்ளராடி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். நாக்கு அவளுக்கு.

திங்கள்

கடைசிவரை பார்த்துவிட்டேன்.

எழுதலாமா வேண்டாமா என்று இருக்கிறது. ஆனால் மோசமான சரக்கை மறைத்து விற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வழி திறக்கிறது. அவள் வாத்தை அறுக்கிறாள். காலை எடுத்து ஒரு தட்டில் வைக்கிறாள், நீங்கள் சொன்னபடியே. கழுத்தை எடுத்து இன்னொரு தட்டில் வைக்கிறாள், நான் சொன்னபடியே. எந்தத் தட்டு யாருடையது என்று காட்டவில்லை. இங்கேதான் எங்கள் ஊரில் படம் முடிந்தது. அது எப்படி என்று சொல்கிறேன். அன்றைக்கும் இதே மாதிரி புயல் ஏறிக்கொண்டிருந்தது. தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ரிஸா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, இனி தாமதித்தால் ஜனம் வீடு சேராது என்று ரீலை நிறுத்தி விளக்கைப் போட்டான். "எல்லாரும் கிளம்புங்க, பனி ஏறுது! அதான் சோறு போட்டுட்டாளே, இன்னும் என்ன பாக்கணும்? கல்யாணம்தான்!" என்று மேலே இருந்து கத்தினான். நாங்களும் சிரித்துக்கொண்டே ஓடினோம். மறுநாள் படப்பெட்டி ரயிலேறிப் போய்விட்டது. அதற்கப்புறம் யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. இந்த நிமிஷம்வரை கார்ஸ் நகரமே அவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறது.

ஆகவில்லை, கார்டு ஐயா. அதற்கப்புறம் அவள் காலை ரொட்டியில் சுருட்டி அவன் கையில் கொடுக்கிறாள். அவன் வாங்கிக்கொள்கிறான். லாரி கிளம்புகிற சத்தம். அவள் திரும்ப வந்து மேஜையில் உட்கார்ந்து, கழுத்தைத் தன் பக்கம் இழுத்து, எலும்பு எலும்பாகப் பிரித்துத் தின்கிறாள். நீளமாகக் காட்டுகிறார்கள். அவள் அவசரப்படவே இல்லை. அதன்மேல்தான் பெயர்கள் ஓடுகின்றன.

அடுப்பில் வறட்டி அணைந்துபோனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். நீங்களே பாருங்கள். நாளை பனி வெட்டும் எஞ்சின் வருகிறதாம். முதல் வண்டியில் உங்கள் பழைய கூட்டாளியிடம் கேசட்டைக் கொடுத்தனுப்புகிறேன். வீடியோ கடைக்காரனிடம் பனியில் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

நாஸிலே


அங்காரா
1 பிப்ரவரி

நாஸிலே ஹானிம்,

கடிதமும் கேசட்டும் ஒன்றாக வந்தன. கடிதத்தில் முடிவைப் படித்துவிட்டதால் படத்தைப் பார்க்க விருப்பமில்லை. வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை லாரி வருகிறது.

நான் ஏன் கால் என்று அடித்துச் சொன்னேன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் பழைய ஊர்த் தியேட்டரில் பார்த்தபோது நானும் முடிவைப் பார்க்கவில்லை. காலைத் தட்டில் வைத்த இடத்தில் மணி பார்த்தேன், எனக்கு வண்டி ஏற வேண்டும். மனைவி ஃபெரிதேயைத் தியேட்டரிலேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது, "அப்புறம் என்ன ஆச்சு, இருந்தானா?" என்று கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "இருந்தான். இல்லாம எங்க போவான்" என்றாள்.

அவள் போய் எட்டு வருடம் ஆகிறது. தாங்கள் எழுதியது உண்மையாக இருக்க வழியில்லை. அந்தக் கேசட்டில் யாரோ முடிவை மாற்றியிருப்பார்கள்.

இஸ்கந்தரூன் முகவரி கிடைத்ததும் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கூரையில் தாங்களே ஏறிப் பனி தள்ள வேண்டாம்.

நூரெத்தின்


கார்ஸ்
8 பிப்ரவரி

கார்டு ஐயா,

உங்கள் முகவரி இல்லை. பழைய வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். புதிதாகக் குடிவந்தவர்கள் குப்பையில் போட்டாலும் போடட்டும்.

கேசட்டில் யாரும் எதையும் மாற்றவில்லை. உங்கள் மனைவியை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பதிலை அவர் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் படம் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள். அவரை இதில் இழுப்பது முறையல்ல. நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாவது புயல் கிளம்பியிருக்கிறது. இந்த முறை பார்க்கக் கேசட்டும் இல்லை. தொங்கவிட்ட வாத்துகளில் ஒன்றுதான் மிச்சம். பெரிஹான், "யாருக்குடி வெச்சிருக்கே, காக்காவுக்கா?" என்கிறாள். வியாபாரியிடம் சரக்கு மிஞ்சினால் விலையைக் குறைக்க வேண்டும் என்பார்கள். எனக்குக் குறைக்கத் தெரியவில்லை.

உங்கள் நாற்காலியைக் கடைக்குள் எடுத்துப் போட்டேன். ஒரு கிராமத்து ஆள் உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே மறுபடி பின்னறைக்கு எடுத்துப் போய்விட்டேன்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. சந்தையில் நூறு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, "உன் பால்ல தண்ணி" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான். ஒரு சொல், இரண்டெழுத்து. அதை ஏன் வாத்தின்மேல் வைத்துச் சொல்லப் போனேன்? நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காகவா? நீங்கள் என்னென்னவோ கேட்பீர்கள்.

கடலில் காலை நனைத்தீர்களா?

நாஸிலே


சரிகமிஷ் ரயில் நிலையம், காத்திருப்போர் அறை
15 பிப்ரவரி

நாஸிலே,

பனி வெட்டும் எஞ்சின் டிரைவர் தாஹிர் எண்ணெய் நிரப்பக் கார்ஸுக்குத் திரும்புகிறான். அவன் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எழுத வேண்டும்.

வண்டி இங்கே நின்றுவிட்டது. முன்னால் அவன் வெட்டிய பாதையைக் காற்று மறுபடி மறுபடி மூடிவிடுகிறது. பைன் மரங்கள் இடுப்பளவு புதைந்துவிட்டன. இந்த அறையில் ஓர் அடுப்பு, ஒரு சிப்பாய், கோழிக்கூடை வைத்திருக்கும் ஓர் அம்மாள், நான். இத்தனை காலம் இதே அறையில் ஜனங்களை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே விளக்கோடு போய்க்கொண்டிருந்தவன். உள்ளே உட்கார்ந்து காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

சாமான் லாரி வந்த அன்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இடைஞ்சலாக நிற்கிறேன் என்று மருமகள், "மாமா, நீங்க கீழ டீக்கடைல போய் உக்காருங்களேன்" என்றாள். தவறாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னாள். கோட்டுப் பையில் கேசட் இருந்தது. கடையில் வீடியோ டெக் இருக்கிறது. போடச் சொன்னேன். சுற்றிலும் காய் உருட்டிச் சூதாடும் கூட்டம். "என்ன அண்ணே, சமையல் கத்துக்கவா? அடிதடிப் படம் போடச் சொல்லுங்க!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன், "விடுடா, அண்ணனுக்கு சொந்தச் சமையல்தான் போல" என்றான். கடைசி இடம் வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். லாரி போகிறது. அவள் தின்கிறாள்.

எனக்கு ஹாஜர் தெரியவில்லை. ஃபெரிதே தெரிந்தாள். நான் ஸ்டேஷனுக்கு ஓடின பிறகு, அந்தத் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, காய் நறுக்கிக்கொண்டு, "இருந்தான்" என்றாள். அதற்குமேல் அவளிடம் நான் எதுவும் கேட்டதில்லை. வண்டி இருந்தது, எப்போதும் ஒரு வண்டி இருந்தது.

கடைக்காரன் வந்து, "என்ன அண்ணே, சளியா?" என்று முகம் துடைக்க ஒரு காகிதத்தைக் கொடுத்தான். ஆமாம், சளிதான் என்றேன்.

மகனிடம், கார்ஸில் ஒரு கேசட் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். வாழ்நாள் முழுக்க வண்டியோடு கிளம்பிப் போன மனிதர், இன்று லாரி கிளம்பும்போது இறங்குகிறாரே என்று பார்த்தான். "கேசட்டுக்காகவாப்பா? தபால்ல போடுங்க" என்றான். அவன் மனைவிதான், "ஏங்க, அந்த சீஸ் வாசக் கடுதாசி" என்று அவன் காதில் சொன்னாள். எனக்குக் கேட்டுவிட்டது. கார்டுக்குக் காது கூர்மை. அவன் என் தோளில் பனிபோல எதையோ தட்டிவிட்டான். அங்கே பனியே இல்லை.

புயலால் வண்டிகள் நின்று நின்று, பத்து நாளுக்கு மேல் வழியிலேயே கழிந்துவிட்டது. ஒரே ஒரு பெட்டிதான் எடுத்து வந்திருக்கிறேன். மற்றதெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. நீ பதில் எழுதினாயா என்று தெரியாது, என் கைக்கு எதுவும் வரவில்லை. அங்கே எனக்கு இடம் இருக்கிறதா என்று தெரியாமலே வருகிறேன். இல்லையென்றால் கேசட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன், தொந்தரவு தர மாட்டேன். ஆனால் இந்த முறை தட்டில் வேண்டாம். எனக்குத் தட்டு படிக்கத் தெரியவில்லை. வாயால் சொல். பேரம் பேசினாலும் பரவாயில்லை.

தாஹிர் எழுந்துவிட்டான்.

நூரெத்தின்


கார்ஸ்
16 பிப்ரவரி, காலை

நூரெத்தின்,

தாஹிர் நேற்றே கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, கார்டு அங்க ஒத்தைப் பெட்டியோட உக்காந்திருக்காரு. கேசட்டைக் கோட்டுக்குள்ள வெச்சு, பச்சைக் குழந்தையைக் காப்பாத்துற மாதிரி காப்பாத்துறாரு. என்னக்கா அதுல, தங்கமா?" என்றான். போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்றேன். போகாமல் நின்றான். "பதில் கொடுங்கக்கா. காலைல மறுபடி அந்தப் பக்கம் வெட்டப் போறேன். வெறுங்கையோட போனா அந்த மனுஷன் மூஞ்சியை என்னால பாக்க முடியாது" என்றான்.

அதனால் காலைக்குள் மிச்ச வாத்தையும் ஊறவைத்து அவித்துவிட்டேன். பெரிஹான் வாசம் பிடித்து வந்து கதவைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அடுப்புக்கு வறட்டி எடுத்துப் போட்டாள். அவள் வாயை மூடியிருந்ததை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு துணியில் கட்டி ஒன்று வருகிறது. கால். ரொட்டியில் சுருட்டியிருக்கிறேன். சாப்பிடு, சூடு ஆறியிருக்கும், அடுப்பில் காட்டிச் சாப்பிடு. கோழிக்கூடை அம்மாளுக்கும் சிப்பாய்க்கும் கொஞ்சம் கொடு. அது வழிக்கு. நீ இன்னும் வழியில்தானே இருக்கிறாய்.

கழுத்து இங்கே சட்டியில் இருக்கிறது. மேஜையில் இரண்டு தட்டு போட்டிருக்கிறேன். சட்டி இரண்டுக்கும் நடுவில்.

தட்டு படிக்கத் தெரியாது என்றாயே, வாயால் சொல்கிறேன். பேரம் இல்லை, ஒரே விலை.

இரு.

நாஸிலே